சும்மா இருக்கும் பாதிப் பணம்

என் மாமியாருக்குப் பங்குச் சந்தையில் கணக்கு இருக்கிறது என்பது, எனக்குத் திருமணமாகிச் சில மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போதுதான் தெரிந்தது. கிள்ளானுக்குப் பக்கத்தில், காப்பாரில் அவர் வீட்டில் நண்டுக் கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் தட்டில் இன்னொரு நண்டை வைத்துவிட்டு, உப்பு போதுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"மாப்பிள்ள, மார்ஜின்ல வாங்கினா நெறைய வாங்கலாம்னு ஒருத்தன் சொல்றான். அப்படின்னா என்னா?"

எனக்குப் புரையேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"கடன் வாங்கி ஷேர் வாங்குறது அத்தை."

"ஓ. அப்ப வேணாம்லா?"

"வேணாம்."

"நல்ல வேளை கேட்டேன்."

என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "மா, நீங்க ஷேர் வாங்குறீங்களா?"

"சின்னதா."

"எவ்வளவு சின்னதா?"

அவர் சொன்ன தொகை அவருடைய சேமநிதிப் பணம் ஏறக்குறைய முழுவதும். அது மொத்தமும் இரண்டே இரண்டு கம்பெனிகளில் இருந்தது. ஒன்று வீடு கட்டி விற்கிற கம்பெனி. இன்னொன்றில் அவருடைய தோழியின் மகன் வேலை செய்தானாம். நல்ல பையன், கம்பெனியும் நல்லதாகத்தான் இருக்கும் என்று வாங்கியிருந்தார்.

என் மாமனார் என் மனைவி பள்ளியில் படிக்கும்போதே தவறிவிட்டார். ஷா ஆலாமில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்து, மூன்று ஷிப்டும் பார்த்து, ஒரே மகளைப் படிக்க வைத்து ஆளாக்கியவர் என் மாமியார். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார அவருக்குப் பிடிக்கவில்லை. காலையில் சந்தை திறக்கும் நேரத்துக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, போனை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். வேலைக்குப் போவது மாதிரியே இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

சாப்பிட்டு முடித்ததும் கொல்லைப்புறம் என்னைக் கூப்பிட்டார். வாழை மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன.

"விழுந்தா என்ன பண்ணுவீங்க அத்தை?" என்றேன்.

"ஏறுற வரைக்கும் காத்திருப்பேன்."

"அது வரைக்கும் வீட்டுச் செலவு?"

நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டார். "அதுக்குத்தான் மாப்பிள்ள ஒங்களக் கூப்பிட்டேன்."

நான் கிள்ளான் துறைமுகத்துக்கு அருகில் ஒரு கிடங்கில் பாதுகாப்பு அதிகாரி. எந்த அடுக்கு எப்போது சரியும், எந்த வளைவில் இரண்டு ஃபோர்க்லிஃப்ட் வண்டிகள் மோதிக்கொள்ளும் என்று நாள் முழுவதும் யோசிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது, விபத்து எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான். அதனால் பங்கு வாங்கத் தொடங்கியபோது, விலை ஏறுமா இறங்குமா என்று கணிக்கத் தேவையில்லாத ஒரு முறையைத்தான் தேடிப் பிடித்தேன். அன்று கொல்லைப்புறத்தில் அதை அவருக்குச் சொன்னேன்.

முதலில் ஒரு வருட வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியாக வங்கியில் போட்டுவிட வேண்டும். அது இந்த ஆட்டத்தில் சேராது. மீதிப் பணத்தில் பாதி பங்குகளில், பாதி ரொக்கமாக. பங்குப் பாதியைப் பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளுக்குப் பிரித்துப் போட வேண்டும். எந்த ஒரு கம்பெனியும் அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் திறந்து பார்க்க வேண்டும். பங்குப் பக்கம் கனத்திருந்தால் கொஞ்சம் விற்று ரொக்கத்தில் சேர்க்க வேண்டும். பங்குப் பக்கம் இளைத்திருந்தால் ரொக்கத்தில் எடுத்து வாங்க வேண்டும். இரண்டு பக்கமும் மறுபடி சமமானதும் மூடி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். சந்தை எவ்வளவு விழுந்தாலும் கையில் உள்ள ரொக்கம் தீர்ந்து போகாது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவையா?" என்றார். "அப்ப நான் தெனமும் என்ன பண்றது?"

ஆனாலும் ஒத்துக்கொண்டார். நான் வைத்திருந்த அதே பன்னிரண்டு கம்பெனிகளில் அவரும் பணம் போட்டார்.

என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அவள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நாள் முழுவதும் மற்றவர்களின் முதுகு வலியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருபவள். "ரெண்டு பேரும் இந்தப் பேச்ச வீட்டுக்கு வெளிய வச்சுக்கோங்க. ஞாயித்துக்கெழம சாப்பாட்டுல ஷேர் கலந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

எனவே நாங்கள் ரயில் ஏறினோம். மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை என் மாமியார் காப்பாரிலிருந்து மோட்டோ ஓட்டிக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனுக்கு வந்து, ஹெல்மெட்டை இருக்கையில் பூட்டிவிட்டு கொமியூட்டர் ரயில் ஏறுவார். நாங்கள் குடியிருந்த சுபாங் ஜெயாவில் நான் அதே ரயிலில் ஏறுவேன். பெண்களுக்கான பெட்டியில் தாராளமாக இடம் இருக்கும். எனக்காக அதை விட்டுவிட்டுப் பக்கத்துப் பெட்டிக்கு வந்து, கைப்பையை வைத்து ஓர் இடம் பிடித்திருப்பார். கே.எல். சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். சாப்பாடு வருவதற்கு முன்பே கணக்கைப் பார்த்துவிடுவது வழக்கம். சாப்பிட்ட பிறகு பார்த்தால் தூக்கம் வரும் என்பார் அவர். அதன் பிறகு அவர் சேலைக் கடைகளை ஒரு சுற்று வருவார். நான் பைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாங்க வேண்டியவையும் விற்க வேண்டியவையும் இருந்தால், சந்தை திறந்ததும் திங்கட்கிழமை காலை அவரவர் போனில் போட்டுவிடுவோம்.

முதல் ஓரிரு வருடங்கள் செய்வதற்கு அதிகம் வேலையே இருக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பாதிக் காசு சும்மா ஒக்காந்திருக்கு மாப்பிள்ள," என்றார் ஒரு சனிக்கிழமை, ரயில் பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது. "என் லைன்ல பாதிப் பேரு இப்படி ஒக்காந்திருந்தா நான் விட்டுருப்பேனா?"

"எங்க கெடங்குல தீயணைப்பு சிலிண்டர் எத்தன தொங்குது தெரியுமா அத்தை? வருசக்கணக்கா சும்மாதான் தொங்குது."

"நெருப்பே வரலன்னா?"

"ரொம்ப நல்லது."

"இந்தப் பேச்சுக்குத்தான் ஒங்களுக்குச் சம்பளமா?" என்று சிரித்தார். எதிரில் நின்ற ஓர் அங்கிளும் சிரித்துவிட்டார்.

பிறகு பெருந்தொற்று வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, ரயிலும் இல்லை, வாழையிலையும் இல்லை. சந்தை விழுந்த வேகத்தில் எங்களுடைய பங்குப் பாதி கண்ணெதிரே இளைத்தது. எங்கள் மூன்று மாதக் கெடு சரியாக அந்த மார்ச் மாதக் கடைசியில் வந்து நின்றது. சனிக்கிழமை போனிலேயே கணக்குப் பார்த்தோம். வாங்கு என்றது எங்கள் விதி. சின்னத் தொகையும் இல்லை.

விழுந்தால் வாங்க வேண்டும் என்று எழுதி வைப்பது சுலபம். என் அலுவலக வாட்ஸ்ஆப் குழுவில் எல்லாரும் விற்றுக்கொண்டிருந்தார்கள். உலகமே மூடிவிட்டது, இன்னும் பாதிக்குப் பாதி விழும் என்றார் ஒருவர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு படுக்கையறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது மாமியார் அழைத்தார்.

"போட்டுட்டீங்களா மாப்பிள்ள?"

"இல்ல அத்தை. நீங்க?"

"நானும் இல்ல. மூணு தடவ தொறந்து தொறந்து மூடிட்டேன்."

அவர் வீட்டுச் சேவல் கூவுவது எனக்குக் கேட்டது.

"ஒரு வருசச் செலவு பேங்க்ல இருக்கு இல்ல?" என்றார்.

"இருக்கு."

"இத வாங்கினாலும் ரொக்கம் மிச்சம் இருக்கு இல்ல?"

"மொத்தத்துல பாதி ரொக்கமா இருக்கும்."

"அப்ப எதுக்குப் பயப்படுறோம்?"

"தெரியல அத்தை."

"எனக்கும் தெரியல. சரி, சேந்து அமுக்குவோம். நான் எண்ணுறேன்."

தொழிற்சாலையில் லைனை ஓட விடும்போது எண்ணுகிற மாதிரியே, ஒன்று, இரண்டு, மூன்று என்று அவர் எண்ண, இருவரும் ஒரே நேரத்தில் அமுக்கினோம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண்ணிக்கை. நான்காவது கம்பெனிக்கு வரும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு அவர் மலாயில் எண்ணினார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, கட்டுப்பாட்டுக் காலத்தில் புருஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

வாங்கிய பிறகும் பயம் போகவில்லை. ஆனால் அன்று முதல் அந்த ரொக்கப் பாதியை என் மாமியார் குறை சொல்வதை நிறுத்திவிட்டார். அந்தக் காசு இல்லாவிட்டால் விலை குறைந்தபோது வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்திருப்போம் என்று அவரே தோழிகளிடம் போனில் சொல்வாராம். விற்க வேண்டிய கட்டாயமும் நமக்கு இல்லை, வாங்க முடியாத நிலையும் இல்லை என்பது அவருக்குப் பிடித்துப் போனது.

அடுத்த சோதனை எதிர்த் திசையிலிருந்து வந்தது. எங்கள் பன்னிரண்டில் ஒன்று, ரப்பர் கையுறை செய்கிற ஒரு சின்னக் கம்பெனி. உலகம் முழுவதும் கையுறை தேட ஆரம்பித்ததும், அதன் விலை ஏணி வைத்து ஏறியது. ஜூன் மாதக் கணக்கிலேயே அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது. விதிப்படி கொஞ்சம் விற்றோம். விற்ற பிறகு இன்னும் ஏறியது. காப்பார் பாசாரில் மீன் வாங்கப் போனால் மீன்காரரும் கையுறைப் பங்கைப் பற்றித்தான் பேசுகிறார் என்று மாமியார் குமுறினார்.

செப்டம்பரில் மறுபடி ரயில் ஏறினோம். முகக்கவசத்தோடு பிரிக்பீல்ட்ஸ் போனோம். மேசைகளுக்கு நடுவில் இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள். கணக்குப் பார்த்தால், அந்த ஒரு கம்பெனி மட்டும் எங்கள் பங்குப் பாதியில் கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்தது. விற்க வேண்டும் என்றேன். என் மாமியார் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"நான் விக்கல."

"அத்தை, விதி."

"விழும்போது விதி நல்லா இருந்துச்சு. நல்லா வளரும்போது வெட்டச் சொல்லுது. இது என்ன விதி?"

"இது தலகீழா விழுந்தா நமக்குக் கால்வாசி போயிரும்."

"விழும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஏறும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

இலை வந்தது. ரசம் வந்தது. அவர் அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டே இருந்தார். உங்கள் பணம், உங்கள் முடிவு, நான் என்னுடையதை மட்டும் விற்கிறேன் என்று சொன்னேன். அன்று அவர் சேலைக் கடைக்குக்கூட வரவில்லை. திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டிக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் உறைத்தது.

திங்கட்கிழமை காலை நான் வேலையில் இருந்தபோது வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. குரல் பதிவு. "மாப்பிள்ள, பத்துல ஒண்ணுக்கு மேல இருந்தத வித்துட்டேன். ஆனா அதுல ஒரு லாட் மட்டும் வச்சிருக்கேன். அது கணக்குல சேராது. அது என் ஆசைக்கு. நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

ஒரு லாட் என்றால் நூறு பங்கு. அவர் வைத்திருந்த மொத்தத்தில் அது ஓர் ஓரம். நான் கிடங்கின் நடுவில் நின்று அதை இரண்டு தடவை கேட்டேன். பதிலுக்கு, "நானும் ஒரு லாட் வச்சுக்கிறேன் அத்தை" என்று அனுப்பினேன். உண்மையாகவே வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து ஆசைக்கு ஒரு லாட் என்பதும் எங்கள் முறையில் ஒரு விதியாகிவிட்டது. எனக்குத் தெரிந்து அதைவிடப் புத்தியான விதி எங்களிடம் இல்லை. மனிதர்களுக்குச் சின்னதாக ஒரு கிறுக்குத்தனத்துக்கு இடம் விட்டால்தான் பெரியதைச் செய்யாமல் இருக்கிறார்கள்.

தடுப்பூசிச் செய்திகள் வந்ததும் கையுறைப் பங்கு இறங்க ஆரம்பித்தது. பிறகு நிற்காமல் இறங்கியது. அந்த லாட்டின் விலையைக் கேட்டால் மாமியார் இப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நாங்கள் விற்ற பணம் ரொக்கப் பக்கத்தில் பத்திரமாக இருந்தது.

அந்தப் பணத்துக்கு வேலை வந்தது நாங்கள் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. சந்தை மறுபடி மந்தமாகிக் கிடந்த ஒரு காலம். ஒரு சனிக்கிழமை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, என் மனைவியும் சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க?"

"பிரிக்பீல்ட்ஸுக்கு. ஒங்க ரெண்டு பேரு கமிட்டியப் பாக்கணும்."

ரயிலில் அவளைப் பார்த்ததும் மாமியார் கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மகளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னா, ஷேர்னா எந்திரிச்சுப் போறவளாச்சே."

"சாப்ட்டுக்கிட்டே சொல்றேன்மா."

இலையில் சோறு விழுந்ததும் சொன்னாள். கிள்ளானில் சொந்தமாக ஒரு சிறிய பிசியோதெரபி நிலையம் தொடங்க வேண்டும். கடைவீடு ஒன்றின் கீழ்த்தளம் பார்த்து வைத்திருக்கிறாள். சிகிச்சைக் கட்டில்கள் பழையதாகக் கிடைக்கின்றன. வங்கிக் கடன் வேண்டாம். எங்கள் ரொக்கப் பாதியிலிருந்து எடுக்க முடியுமா?

எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. என் மாமியார் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மகளை வங்கி அதிகாரி மாதிரி கேட்க ஆரம்பித்தார்.

"ஆளே வரலன்னா எத்தன மாசம் வாடக குடுப்ப?"

"ஒரு வருசத்துக்குக் கணக்குப் போட்டிருக்கேன்."

"ஆஸ்பத்திரி வேல?"

"ஒடனே விடல. மொதல்ல பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க. இங்க ஆள் கூடினா அங்க கொறைச்சுக்குவேன்."

"எல்லாம் போச்சுன்னா?"

"போச்சுன்னா ரொக்கத்துல ஒரு பகுதி போகும்மா. வீட்டுச் செலவுக் காசத் தொடல. ஷேர் எதையும் விக்க வேணாம். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போயிருவேன்."

மாமியார் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு பெருமை இருந்தது. "மாப்பிள்ள, இவ நம்ம பேச்ச ஒட்டுக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கா."

"போன்ல ரெண்டு பேரும் அவ்வளவு சத்தமா பேசுனா?" என்றாள் என் மனைவி.

பங்குகள் மலிந்து கிடந்த நேரம் அது. ரொக்கம் இல்லாமல் இருந்திருந்தால், அவற்றைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கும். அல்லது அவளை இன்னும் சில வருடங்கள் காத்திருக்கச் சொல்லியிருப்போம். நாங்கள் இரண்டு பேரும் அவரவர் ரொக்கத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்தோம். இரு பக்கமும் சமமாக வேண்டும் என்ற விதியை அந்த ஒரு முறை தள்ளி வைத்தோம். பங்கை விற்காமல், வருகிற ஈவுத்தொகையையும் என் சேமிப்பையும் கொண்டு ரொக்கப் பக்கத்தை மெல்ல நிரப்புவது என்று முடிவானது. பேசி முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது. மாமியார் பரிமாறுகிற அண்ணனைக் கூப்பிட்டு, மூன்று பேருக்கும் பாயசம் கேட்டார். அன்று சேலைக் கடையில் மூன்று பேராக ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். திறப்பு விழாவுக்கு என்று சொல்லி ஆளுக்கொரு சேலை எடுத்தார்கள். எனக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுத்தார்கள்.

நிலையம் திறந்த நாளில் பெரிய விழா ஒன்றும் வைக்கவில்லை. காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றி, அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு லட்டு கொடுத்துவிட்டு, என் மனைவி வெள்ளை மேலங்கியை மாட்டிக்கொண்டு நின்றாள். முதல் நாள் யாரும் வரமாட்டார்கள் என்று அவளே சொல்லி வைத்திருந்தாள். நான் முன்மேசையில் உட்கார்ந்து கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு வாசலில் மோட்டோ சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நான்கைந்து. ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என் மாமியார் புதுச் சேலையோடு உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால், அவருடைய தொழிற்சாலைத் தோழிகள், மலாய்க்கார அம்மா ஒருவர் உட்பட, வரிசையாக வந்தார்கள். பல வருடங்கள் நின்றே வேலை செய்த கால்கள். யாருக்கும் முழங்கால் நன்றாக இல்லை.

"எல்லாரும் காசு குடுத்துத்தான் பாப்பாங்க," என்று மாமியார் அறிவித்தார். "யாரும் ஃப்ரீ கேக்கக் கூடாது."

"மா, நீங்க குடுக்க வேணாம்," என்றாள் என் மனைவி.

"நான் ஏன் குடுக்கக் கூடாது? எனக்குத் தோள் வலிக்குது. மாப்பிள்ள, ரசீது போடுங்க."

ரசீது போட்டேன். அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் சரிபார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் "மெதுவா லா, நான் ஒன் அம்மா" என்று அவர் அதட்டுவதும், அம்மாவும் மகளும் சேர்ந்து சிரிப்பதும் கேட்டது. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் லட்டைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் போத்தல்களை எடுத்து வைத்துவிட்டு, "அடுத்து யாரு ஆன்டி?" என்று கேட்டேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.